அடி போன நாற்காலியும் உலகப் பாரம்பரியமும்

எங்கள் மகள், வேலை பார்க்கும் ஊரிலிருந்து விடுமுறைக்கு மெக்சிகோ போனாள். போன இடத்தில் சும்மா இராமல் குடும்பப் புலனக் குழுவில் படம் படமாக அனுப்பித் தள்ளினாள். வஹாக்கா என்றொரு மாநிலம். அங்கே ஸாப்போடெக் என்ற ஆதிக்குடி மக்கள். ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு தறி. இன்னொன்றில் பளபளக்கும் கறுப்பு மண்பானை. மற்றொன்றில் மரத்தைச் செதுக்கி வண்ணம் தீட்டிய, எந்தக் காட்டிலும் இல்லாத மிருகங்கள். தெயோதித்லான் என்ற நெசவுக் கிராமத்தில் ஓர் அம்மாள் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளரும் பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்குகிறார். கை முழுக்க ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் ஆரஞ்சு நிறம். அந்தச் சாயம் ஏறிய கம்பளியில்தான் விரிப்பு நெய்கிறார்களாம். என் மகள் இதையெல்லாம் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியோடு வேனில் போய்ப் பார்த்திருக்கிறாள்.

என் மனைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படத்தைப் பார்த்தாள்.

“பூச்சியை நசுக்கினா செவப்பு வருதாம். உங்க நாற்காலியில தெனமும் நானுந்தான் நசுக்குறேன். செவப்பாத்தான் வருது. அதைப் பார்க்க யாராச்சும் டிக்கெட் எடுத்துக்கிட்டு வர்றாங்களா?”

மூட்டைப்பூச்சிக்கு நான் பதில் சொல்லவேண்டிய கட்டங்களில் வரலாற்றுக்குள் ஓடி ஒளிந்துகொள்வது என் வழக்கம். பிரான்சிஸ் லைட் 1786ல் எங்கள் பினாங்குத் தீவில் கொடியேற்றிய அதே காலத்தில், மதராசில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இந்தச் சாயப்பூச்சியைத் தேடித் தூக்கம் கெட்டுத் திரிந்தார் என்று ஆரம்பித்தேன். ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிக் கொழுத்த சரக்கு அது. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் அதுதான் வேண்டும். ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். 1795ல் பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது. வந்தது மட்டமான காட்டு இனம். சாயம் தேறவில்லை, பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் கண்ட பலன்.

“ஆக, பூச்சி வளர்த்து உருப்படாமப் போனதுல நீங்க மொதல் ஆள் இல்ல” என்றாள்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பீச் ஸ்ட்ரீட்டில் வாங்கிய பிரம்பு நாற்காலி. சாய்வு அகலம்; கைப்பிடியில் காப்பிக் கோப்பை வைக்கலாம். அப்பாவுக்குப் பிறகு குடும்பத் தலைமை எனக்கு வந்ததற்கு இந்த வீட்டில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். இருக்கை நாளடைவில் தொய்ந்து, பிறகு கிழிந்து, பிறகு காணாமல் போயிற்று. நானே ஒரு மாதிரி சரி செய்து வைத்திருந்தேன். எந்த மாதிரி என்பது பிறகு வரும்.

“உங்க மக அம்புட்டுத் தூரம் போய்ப் பார்க்குறா. நாம டவுனுக்குள்ள என்னா இருக்குன்னே பார்த்ததில்ல” என்று சொல்லிவிட்டு, என் மனைவி கைப்பேசியைத் தடவி ஒரு நடைப்பயணத்தில் எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள். ஜார்ஜ்டவுன் பாரம்பரியக் கைவினைஞர்களை நேரில் சந்தித்தல், வழிகாட்டி உண்டு, காலணி வசதியானதாக இருக்கட்டும், குடிதண்ணீர் கொண்டுவரவும்.

எனக்கு ரோஷம் வந்தது. பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்து, ஆயர் ஈத்தாமில் வளர்ந்து, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, பிட் ஸ்ட்ரீட்டைக் காட்ட ஒருவர், அதற்குக் கட்டணம் வேறா? என் ஜார்ஜ்டவுன் அறிவு சாதாரணமானதல்ல. எந்தச் சந்தில் காடியை நிறுத்தினால் சம்மன் வராது, எந்த நாசி கண்டார் கடையில் எத்தனை மணிக்குக் குழம்பு கெட்டிப்படும், கெங் குவீ சந்தில் செண்டோல் வரிசையில் எப்படி நடுவில் நுழைவது, எல்லாம் தெரியும். 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ, மலாக்காவையும் எங்கள் ஊரையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது நானும் பெருமைப்பட்டவன்தான். பெருமைப்படுவதற்குக் கட்டணம் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் மாநிலத்துக்கு விடுமுறை. அதையும் நான் தவறாமல் தூங்கிக் கொண்டாடி வந்திருக்கிறேன்.

“தெரிஞ்சவங்கதானே, நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்களேன். சொங்கோக் தொப்பி தைக்கிறவங்க எந்தத் தெருவுல?”

“கைப்பேசியில நம்ம பேரைச் சரியாப் போட்டியா?” என்று கேட்டேன்.

நடைப்பயண நாள் காலையில் பசியாறிவிட்டு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் சகிதம் வாசலுக்கு வந்தால், அங்கே நாற்காலி நிற்கிறது. பக்கத்தில் ஒரு பை. பைக்குள் வார் அறுந்த செருப்பு ஒரு ஜோடி, திருகாணி தொலைந்த ஒற்றைத் தோடு, என்னவென்று எனக்குத் தெரியாத இன்னும் சில.

“எதுக்கு?”

“கைவினை செய்யுறவங்களைத்தானே பார்க்கப் போறோம்? கையை வீசிக்கிட்டா போறது?”

இது சந்திப்பு, ரிப்பேர் அல்ல; அவர்களைப் பார்த்து வியந்துவிட்டு வரவேண்டும்; படம் எடுத்துக்கொள்ளலாம்; மகளும் அப்படித்தான் செய்தாள் என்று எடுத்துச் சொன்னேன். அவள் அதற்குள் கிராப் வண்டியை வரவழைத்திருந்தாள். ஓட்டுநர் தம்பி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருவரில் யாரை முன்சீட்டில் வைப்பது என்று கேட்டார். நாற்காலி முன்னால் வந்தது.

ஆச்சே தெரு முனையில் கூட்டம் காத்திருந்தது. வழிகாட்டி ஓர் இளம் சீனப் பெண். எங்களை அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்து “வணக்கம்” சொன்னது. சிங்கப்பூர் தம்பதி ஒன்று, இரண்டு ஆஸ்திரேலியப் பெண்கள், கழுத்தில் மூன்று கேமரா மாட்டிய ஜெர்மன் தாத்தா ஒருவர், இன்னும் சிலர். எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மேல்நாட்டார் நாகரிகம் அது. பிறர் சுமையைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள், தூக்கவும் மாட்டார்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துக் கிளம்புகிறவனைப் போல நாற்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அஞ்சடி நடைபாதையில் நடந்தேன். அலகு மட்டும்தான் குத்தவில்லை. அதை வழியில் என் மனைவி வார்த்தையால் குத்திக்கொண்டு வந்தாள்.

முதலில் ஒரு சந்தில் ஊதுபத்தி உருட்டும் சீன முதியவர். சந்தனத் தூளோடு பிசின் வரும் மரப்பட்டைத் தூளைச் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூங்கில் குச்சியில் பலகைமேல் உருட்டுகிறார். அச்சில்லை, இயந்திரமில்லை, இரண்டு கையும் ஒரு பலகையும் வெயிலும்தான். உருட்டிய குச்சிகளை வரிசையாக வெயிலில் அடுக்குவார். வானம் இருட்டினால் எல்லாவற்றையும் உள்ளே எடுக்கவேண்டும். பினாங்கு வானம் எந்த நேரம் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? கண்ணெதிரே குச்சிகள் ஒரே பருமனில் பிறந்துகொண்டிருந்தன. விருந்தினரும் முயன்று பார்க்கலாம் என்றது வழிகாட்டிப் பெண். எனக்கு எப்போதுமே இப்படிப்பட்ட அழைப்புகளில் ஒரு மயக்கம் உண்டு. உட்கார்ந்து உருட்டினேன். என் குச்சி நடுவில் கர்ப்பமாகவும் இரு முனையிலும் பட்டினியாகவும் வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி ஒருமுறை உருட்டினார். நேராகிவிட்டது. அந்த ஒருமுறையில் எனக்கு அவர் சொன்னது நிறைய.

எல்லோரும் படம் எடுத்தார்கள். என் மனைவி மட்டும் சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்கியே கற்ற ஹொக்கியனில் அவரிடம் பேச ஆரம்பித்தாள். எத்தனை நாள் வாசம் நிற்கும், நனைந்தால் என்ன ஆகும், நவராத்திரிக்கு மொத்தமாக வாங்கினால் என்ன விலை. பெரியவர் அதுவரை நிமிராத தலையை நிமிர்த்தினார். இருவரும் கணக்குப் போட்டார்கள். நாங்கள் வெளியே வந்தபோது என் இன்னொரு தோளில் ஊதுபத்திக் கட்டு ஒன்று ஏறியிருந்தது.

ஆர்மீனியன் தெருவில் நியோன்யா மணிச்செருப்பு. அரிசியைவிடச் சிறிய கண்ணாடி மணிகள், அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மணியாக ஊசியில் கோத்து, ரோஜா, பறவை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் தைத்து, பிறகு தோல் அடியில் பொருத்துகிறார்கள். பெரானாக்கான் சீனர் வீட்டுப் பெண்கள், அதாவது நியோன்யாக்கள், கல்யாணத்துக்கு முன்பே இதைத் தைத்துத் தங்கள் பொறுமையை நிரூபிக்க வேண்டுமாம். ஒரு ஜோடிக்கு மணி கோக்கவே வாரக்கணக்காகும். விலை பல நூறு வெள்ளி. அந்த விலையைக் கேட்டதும் நான் ஆழ்ந்த கலையார்வத்தோடு இரண்டடி பின்வாங்கினேன். என் மனைவி முன்னேறி, பையைத் திறந்து, வார் அறுந்த ஜப்பான் செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணிப்பூக்களின் நடுவே அது கிடந்த கோலத்தை நான் பார்க்கவில்லை. தெருவில் இருந்த ஒரு கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் காலில் அதே செருப்பு, வார் தைத்து.

சற்றுத் தள்ளி, சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் சுவரோவியம். எர்னஸ்ட் சக்காரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் 2012ல் வரைந்தது. சுவரில் பிள்ளைகள், சுவருக்கு வெளியே நிஜ சைக்கிள். அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து படம் எடுக்க வெயிலில் நின்ற வரிசையைப் பார்த்தேன். சைக்கிள் ரிப்பேர் செய்யும் கடை எதற்கும் இந்த ஊரில் அப்படி ஒரு வரிசை நின்று நான் பார்த்ததில்லை. எனக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. நாற்காலியை நிழலில் இறக்கி, அதன் விளிம்பில் பதமாக உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

கிளிக் என்று சத்தம் கேட்டது.

எங்கள் கூட்டத்தைச் சேராத ஓர் இளம் ஜோடி. படம் எடுத்துவிட்டு, கும்பிட்டு, மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் கேட்டார்கள், இது எத்தனை தலைமுறையாக என்று. என் அப்பா காலத்திலிருந்து என்றேன். நீங்களே உங்கள் கையால் செய்ததா? பாதி என் கைவேலை என்றேன். ஒரு நாளில் எவ்வளவு நேரம் இதில் செலவிடுகிறீர்கள்? காலையிலிருந்து இரவு வரை, சாப்பாட்டு நேரம் போக, என்றேன். பிள்ளைகள் யாரும் தொடர்கிறார்களா? மகளுக்கு இதில் நாட்டமில்லை என்றேன், குரல் தானாகவே கம்மியது. நாலு பதிலில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்தப் பெண்ணின் கண்ணில் ஈரம். பத்து வெள்ளி நோட்டு ஒன்றை இருக்கைமேல் பணிவோடு வைத்தாள். இருக்கை என்று முழுதாக ஒன்று இருந்தால்தானே? நோட்டு நேராக ஓர் ஓட்டை வழியே கீழே போய்த் தரையில் விழுந்தது. எங்கிருந்தோ என் மனைவியின் கை வந்து அதை எடுத்துக்கொண்டது.

“ஓய்வு பெற்ற பொறகு இன்னிக்குத்தான் சம்பாதிக்கிறீங்க” என்றாள்.

காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கடந்து சூலியா தெருவுக்கு வந்தோம். 1801ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் எழுப்பிய பள்ளி. கிங் ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, கடல் தாண்டி வந்த நம்மவர்கள் 1800களின் தொடக்கத்தில் கட்டியது. இந்த இடத்துக்கு வந்ததும் வழிகாட்டிப் பெண்ணின் ஆங்கிலம் சுருங்கி, தமிழ் தெருவெல்லாம் கேட்க ஆரம்பித்தது. எனக்கு உள்ளூரத் தெம்பு வந்தது. இனி நான்தான் வழிகாட்டி என்று ஜெர்மன் தாத்தா பக்கம் திரும்பினேன். அவரோ தர்காவின் மினாரா பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். புத்தகம் படித்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

தர்காவைத் தாண்டி ஓர் அஞ்சடியில் சொங்கோக் தைக்கும் பாய். காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின். கறுப்பு வெல்வெட், உள்ளே பளபளக்கும் உள்துணி, இரண்டுக்கும் நடுவே விறைப்பாக நிற்கக் காகித அட்டை. பக்கச் சுவர் ஒன்று, மேல்மூடி ஒன்று, பார்க்க அவ்வளவுதான். மூடியையும் சுவரையும் இணைக்கும் அந்த நீள்வட்டத் தையலில் அரைச் சுற்றுத் தப்பினாலும் தொப்பி தலையில் உட்காராது, மிதக்கும். முன்பெல்லாம் பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே அளவு கொடுப்பார்களாம். இப்போது தொழிற்சாலைத் தொப்பி பேரங்காடியில் அடுக்கடுக்காக, எல்லாத் தலைக்கும் ஒரே நாலைந்து அளவில் கிடைக்கிறது.

“நோன்பு மாசம் தூக்கம் கெடையாது, அண்ணே. மத்த மாசமெல்லாம் தூக்கந்தான்” என்றார் பாய்.

அளவெடுப்பதைக் காட்டுவதற்கு ஒரு தலை தேவைப்பட்டது. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. பாய் நாடாவைச் சுற்றினார், நெற்றியில் ஒரு விரல் விட்டுப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், மறுபடி சுற்றினார்.

“தலை பெருசு இல்ல, அண்ணே. கோணல்.”

“முப்பது வருஷமா நான் சொல்றேன் பாய்” என்றாள் என் மனைவி. அவர்கள் இருவருக்கும் அந்தக் கணத்திலேயே நெருக்கம் ஏற்பட்டுவிட்டது. அவள் பையிலிருந்து இன்னொரு மர்மம் வெளிவந்தது. கிழிந்துபோன வெல்வெட் நகைப்பெட்டி. உள்விரிப்புக்குத் துண்டு வெல்வெட் கிடைக்குமா என்றாள். கிடைத்தது, வெட்டிப் பசை தடவி ஒட்டியே கிடைத்தது. காசு வேண்டாம் என்றார். அவள் வைத்துவிட்டுத்தான் வந்தாள். வாங்கும்போது காசுக்காசாகப் பேரம் பேசுகிறவள், வேண்டாம் என்று சொன்னால் மட்டும் கேட்டதற்கு மேலே கொடுப்பாள். முப்பது வருடமாக எனக்கு விளங்காத பொருளாதாரம்.

ஏன் இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருவராக மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள் என்று சிங்கப்பூர்க்காரர் கேட்டார். வழிகாட்டிப் பெண் நிழலில் நிறுத்திச் சொன்னது. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கெல்லாம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. நாட்டிலேயே அப்படிப்பட்ட கட்டடங்கள் பினாங்கில்தான் அதிகம். கீழே பட்டறை, மேலே குடும்பம், கையில் அடங்கும் வாடகை. 1999 முடிவோடு அந்தக் கட்டுப்பாடு போயிற்று. 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. தகரவேலை செய்தவர், மரச்செருப்பு செய்தவர், கூண்டு பின்னியவர், ஒவ்வொருவராகச் சாமானைக் கட்டினார்கள். பினாங்கு மரபு அறக்கட்டளை 2005லிருந்து மிஞ்சிய தேர்ந்த கலைஞர்களைத் தேடிப்பிடித்து ‘வாழும் பாரம்பரியச் செல்வங்கள்’ என்று விருது கொடுக்கத் தொடங்கியது. மூன்று வருடம் கழித்து யுனெஸ்கோ வந்தது. பின்னாலேயே காப்பிக் கடைகள் வந்தன. பழைய காப்பிக் கடைகள் அல்ல. சுவரைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டி, அதற்கும் சேர்த்துக் காப்பியில் விலை போடும் புதிய காப்பிக் கடைகள்.

அந்த வருடங்களில் நானும் இதே ஊரில்தான் இருந்தேன். பேரங்காடியில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டிருந்தேன்.

குயீன் ஸ்ட்ரீட்டில் சீனப் பெயர்ப்பலகை செதுக்கும் கடை. எழுத்தை மரத்தில் குடைந்து தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். மூச்சு பட்டால் ரேக்கு பறந்துவிடும் என்று எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதே நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

அதே தெருவில் 1833ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், பக்கத்தில் மாலைக் கடைகள். இங்கே வழிகாட்டிப் பெண் வாயைத் திறக்குமுன் என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். கேமரன் மலைச் செவ்வந்தி எது, மாப்பிள்ளை மாலை எது, சாமி மாலை எது, சரம் நெருக்கமாகக் கட்டுவது எப்படி என்று, தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழியில். ஆஸ்திரேலியப் பெண்கள் இருவர் தலையிலும் மல்லிகை ஏறியது. ஜெர்மன் தாத்தா கழுத்தில் கேமராக்களுக்குமேல் ஒரு மாலை. எனக்கு மட்டும் எதுவும் கிடையாது. என் கழுத்தில் இடமில்லை, நாற்காலியின் கால் இருந்தது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆசாரியின் பட்டறை. குறுகலான மரப்படி. நாற்காலியை மேலே ஏற்றும்போது படியின் கைப்பிடிக்கும் எனக்கும் நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. மேலே தரையோடு தரையாக உட்கார்ந்து ஒருவர் குமுட்டியில் ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உரைகல், குறடு, பெரிய துளையிலிருந்து சின்னத் துளைவரை வரிசையாகக் கொண்ட இரும்புத் தகடு. தங்கக் கம்பியை ஒவ்வொரு துளை வழியாகவும் இழுத்து இழுத்து மெலிதாக்குவது அதில்தான். பட்டறையின் மண்ணைக்கூடக் கூட்டி வெளியே கொட்டமாட்டார்கள். சேர்த்து வைத்து அலசினால் அதில் பொன்துகள் தேறும்.

அவர் எங்களைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார், வேலையைத் தொடர்ந்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அன்று பார்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். படம் எடுக்கலாமா என்றதற்கு, கூரையை எடுங்கள், நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒற்றைத் தோட்டை எடுத்து வைத்தாள்.

“ஆசாரி அண்ணே, திருகாணி தொலைஞ்சு போச்சு. மரையும் தேய்ஞ்சிருக்கு.”

“வச்சிட்டுப் போங்கம்மா. அடுத்த வாரம் வாங்க.”

“இல்லண்ணே. இருந்தே வாங்கிட்டுப் போறேன்.”

இந்த உரையாடலில் நூற்றாண்டுகள் அடங்கியிருக்கின்றன. ஆசாரி தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பார் என்று நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் காதில் ஓதி வந்திருக்கிறார்கள். அதைக் கேட்டே ஆசாரிமாரும் வளர்ந்திருக்கிறார்கள். இரு தரப்பிலும் கோபமில்லை. அவர் சிரிக்காமல் தராசை எடுத்து அவள் கண்ணெதிரே தோட்டை நிறுத்தார். எடையைச் சொன்னார். அவள் எடையைத் திருப்பிச் சொன்னாள். வேலை தொடங்கியது. அவர் கை நகரும் பக்கமெல்லாம் அவள் கண் நகர்ந்தது. கூட்டம் முழுக்கப் படிக்கட்டிலும் வாசலிலும் நின்றது. அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று வழிகாட்டிப் பெண் கடிகாரத்தைப் பார்த்தது. நான் நாற்காலிக்குப் பின்னால் என்னால் முடிந்தவரை ஒளிந்துகொண்டேன். அது வலைபோட்ட சாய்வு; அதன் பின்னால் யாரும் ஒளிய முடியாது.

ஜெர்மன் தாத்தா மெதுவாகக் கேட்டார், அந்த அம்மாள் என்ன செய்கிறார்கள் என்று. வழிகாட்டிப் பெண் ஒரு நொடி யோசித்தது.

“அவங்கதான் பாரம்பரிய வாடிக்கையாளர்” என்றது ஆங்கிலத்தில். “இப்போ ரொம்ப அபூர்வம்.”

மூன்று கேமராவும் என் மனைவி பக்கம் திரும்பின. காலையிலிருந்து எந்தக் கைவினைஞரையும் அவர் அவ்வளவு பக்கத்தில் போய் எடுக்கவில்லை. அவள் கவனிக்கவில்லை; கவனமெல்லாம் தோட்டின்மேல். திருகாணி பொருந்தி, மறுபடி நிறுத்து, சேர்ந்த பொன்னுக்கும் கூலிக்கும் காசு கொடுத்து, காதில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஆசாரி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். “உங்கம்மாவும் இப்படித்தான் உக்காந்திருப்பாங்க” என்றார். இவள் அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக பீச் ஸ்ட்ரீட். வங்கிக் கட்டடங்களைத் தாண்டித் தெருவின் தெற்குப் பக்கம் நடந்தால் பிரம்புக் கடை. கூடை, தொட்டில், பாய்மாடம், கூரையிலிருந்து தொங்கும் பிரம்புக் கட்டுகள். ஒரு மூலையில், வளைந்த கைப்பிடியோடு, சன்னமாக, அந்தச் சாமானும் சொருகியிருந்தது. ரோத்தான். பிரம்புக் கைவினையோடு எனக்கு இருந்த முதல் பரிச்சயம் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பில் ஏற்பட்டது. அதை நான் கண்ணால் பார்த்து ரசித்ததைவிட வேறு பாகங்களால் உணர்ந்ததே அதிகம்.

பிரம்புக்கார சீன அங்கிள், தண்ணீரில் ஊறவைத்த தோல்பட்டையை இழுத்து ஒரு சட்டத்தில் பின்னிக்கொண்டிருந்தார். நெட்டிழை, குறுக்கிழை, பிறகு இரண்டு பக்கமும் சாய்விழை. நடுவில் தேன்கூட்டுக் கண்கள் விழுகின்றன. ஊறியபோது பின்னிக் காயவிட்டால்தான் இறுகும். காய்ந்ததைப் பின்னினால் ஒடியும். காட்டுப் பிரம்பு இந்தோனேசியாவிலிருந்து நிறைய வந்துகொண்டிருந்தது. 2012லிருந்து அவர்கள் கச்சாப் பிரம்பை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், தங்கள் ஊரிலேயே நாற்காலி செய்து விற்பதற்காக. அதிலிருந்து நல்ல பிரம்பு கிடைப்பதே பாடு.

நான் நாற்காலியை இறக்கினேன். இறக்கிய பிறகும் ஒரு தோள் உயரமாகவே நின்றது.

அங்கிள் அதைச் சுற்றி வந்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார்; அது நல்ல சட்டம். கவிழ்த்தார். கவிழ்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அங்கேதான் என் கைவேலை இருந்தது. பழைய இருக்கையின் மிச்சத்துக்குக் குறுக்கே நீல நிற நைலான் கொடிக்கயிறு, அதன்மேல் மீன்பிடி நரம்பு, முடிச்சு விழாத இடங்களில் மின்கம்பிக்கு ஒட்டும் நாடா, எல்லாவற்றுக்கும் தாங்கலாகச் சென்ற பொதுத்தேர்தலில் வீட்டு வேலியில் கட்டியிருந்த பதாகைத் துணி. துணியில் ஒரு வேட்பாளர் பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை காலமும் அவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கூட்டம் நெருங்கி வந்தது. ஜெர்மன் தாத்தா இது எந்தப் பின்னல் மரபு என்று கேட்டார். ஆயர் ஈத்தாம் மரபு என்றேன்.

அங்கிள் ஹொக்கியனில் நீளமாக ஏதோ சொன்னார். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று இன்றுவரை சொல்லவில்லை. வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அது மொழிபெயர்ப்பில் வராது என்று தரையைப் பார்த்துச் சொன்னது.

பிறகு பேரம் ஆரம்பித்தது. அங்கிள் ஒரு விலை சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி அரை டஜன் வாங்கலாம் என்று நான் என்னையறியாமல் முனகினேன். அங்கிளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பிளாஸ்டிக் என்ற சொல் தெரியும். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என் மனைவி என்னைக் கடைக்கு வெளியே போய் ஊதுபத்திக் கட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வெளியிலிருந்து பார்த்தேன். விலை இறங்கியது, நின்றது, இவள் பையைத் தூக்கிக் கிளம்பினாள், அவர் கூப்பிட்டார், இவள் திரும்பினாள். ஆஸ்திரேலியப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் ஓர் எண் இரண்டு பக்கமும் படிந்து, அங்கிள் ரசீதுப் புத்தகத்தில் எழுதினார். இரண்டு வாரம் ஆகும். சட்டத்தை மருந்தடித்து வெயிலில் போட்டால் பூச்சியும் போய்விடும். ஜெர்மன் தாத்தாவுக்கு உற்சாகம் வந்து தன் பேத்திக்கு ஒரு தொட்டில் சொன்னார். அதை ஹாம்பர்க்குக்கு எப்படி அனுப்புவது என்று தனியாக ஒரு மாநாடு நடந்தது.

ரசீதைக் கிழிக்குமுன் அங்கிளுக்கு ஒரு சந்தேகம். எந்தப் பருமனில் பட்டை போடுவது என்று முடிவு செய்யவேண்டும். இதில் யார் உட்காரப் போகிறது என்று கேட்டார்.

என் மனைவி வெளியே கையைக் காட்டினாள்.

அங்கிள் வாசல்வரை வந்தார். என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பக்கவாட்டில் வந்து ஒருமுறை பார்த்தார். உள்ளே போய், எழுதிய எண்ணை அடித்துவிட்டுப் பெரிதாக வேறு ஓர் எண் எழுதினார். என் மனைவி ஒரு வார்த்தை பேரம் பேசாமல் முன்பணத்தை எண்ணி வைத்தாள்.